கரிசல் கதைகளில் மண்ணும் மாந்தரும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தமிழ் இலக்கணம். மாந்தரின் ஒழுக்கம் அவர் வாழும் மண்ணிலிருந்து எழுகிறது என்பது அதன் துணிபு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் கூறிய தொல்காப்பியர், பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று விளக்கம் தந்தவர் இளங்கோவடிகள். வறட்சி நிலத்தின் பிறவிக் குணமன்று, நிலத்திற்கு நேர்ந்துவிட்ட கேடு என்னும் நுண்ணிய கருத்து இவ்விளக்கத்துள் அடங்கியிருக்கிறது.

இக்கருத்தை மனத்திற்கொண்டு படிக்கத்தக்கது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தழைத்த கரிசல் இலக்கியம். தமிழகத்தின் தென்பகுதியிலுள்ள வறண்ட சிற்றூர்களிலிருந்து எழுந்த இக்கதைகளை வகுப்பறையில் அறிமுகம் செய்யும்போது, ‘பாலை நிலத்து மக்களின் துன்பக் கதைகள்’ என்று ஒரே தொடரில் சொல்லி முடித்துவிடும் வழக்கம் உண்டு. அத்தொடர் எளிதானது; ஆனால் பொருந்தாதது. கரிசல் பாலையன்று. அங்கு வாழும் மக்கள் இரங்கத்தக்கவர் மட்டுமே அல்லர். இவ்விரு பிழைகளும் நீங்கினாலன்றி இக்கதைகளின் உண்மைப் பொருள் மாணவர்க்குப் புலனாகாது.

நிலத்தின் இயல்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி என விரியும் நிலப்பரப்பையே கரிசல் காடு என்பர். இங்குக் காடு என்பது மரம் அடர்ந்த வனத்தைக் குறிப்பதன்று. உழுது விதைக்கும் புன்செய் நிலத்தையே மக்கள் காடு என்று வழங்குகின்றனர். முன்பு இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய இரு பெரிய மாவட்டங்களுள் அடங்கியிருந்த இப்பகுதி, 1985இலும் 1986இலும் நிகழ்ந்த பிரிவினைகளுக்குப் பிறகு விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துவதால், ஆனி ஆடியில் இங்கு வீசுவது பெரும்பாலும் வெறுங்காற்றே. புரட்டாசியின் இறுதியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இந்நிலத்தின் உயிர். மேகம் சற்று விலகிச் சென்றால் ஓராண்டு உழைப்பு மண்ணாகும். ‘வானம் பார்த்த பூமி’ என்ற வழக்கு இவ்வாறு பிறந்தது.

ஆயினும் கரிசல் மண் மலட்டு மண் அன்று. களித்தன்மை மிகுந்த அக்கரிய மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் குழைந்து நடப்பவர் காலைப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை குடித்த நீரை அது எளிதில் விடுவதில்லை. மழை ஓய்ந்த பின்னரும் மண்ணுக்குள் தங்கிய ஈரத்தையும் மேலிருந்து இறங்கும் பனியையும் கொண்டே பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் விளைகின்றன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் உலகப் பருத்தி வாணிகத்தைக் குலைத்தபோது, இக்கரிசலில் விளைந்த பருத்திக்குக் கிராக்கி மிகுந்தது. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவ முனைந்து பொருளிழந்த வரலாறும் இம்மண்ணின் வரலாறே. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு ஈரமற்ற காற்றும், பொய்த்த வேளாண்மையால் குறைந்த கூலிக்குக் கிடைத்த கைகளும் காரணங்களாயின. வறட்சியையும் முதலாக்கிக்கொள்ளும் கூட்டம் எங்கும் உண்டு என்பதற்கு இது சான்று.

மலேசிய, சிங்கப்பூர் மாணவர் இந்நிலத்தை உணர்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆண்டு முழுவதும் மழை பொழிந்து 2,000 மில்லிமீட்டரையும் கடந்துவிடும் நாடுகள் இவை. இரப்பர்த் தோட்ட வாழ்வில் விடியற்கால மழை என்பது பால் வெட்ட முடியாத நாளைக் குறித்தது. கூலி போயிற்று என்ற கவலையைத் தந்தது. அந்த நினைவில் வளர்ந்த தலைமுறைக்கு, ஒரு மழைக்காக ஊரே கூடி நின்று வானத்தை நோக்கும் காட்சி அயலானதே. அதனாலேயே இக்கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், கதைக்கு முன் மண்ணைக் கற்பிக்க வேண்டியவராகிறார்.

இடைசெவல் தந்த இருவர்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூர், தமிழ்ப் புனைகதைக்கு இரண்டு பெரும் படைப்பாளிகளைத் தந்தது. ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். இருவரும் இளமை முதல் நண்பர்கள். இவர்களுள் அழகிரிசாமி மலேசியத் தமிழிலக்கியத்தோடு நேரடித் தொடர்புடையவர். 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியபோது, இந்நாட்டு இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்திச் சிறுகதைக் கலையைப் பயிற்றுவித்தவர் அவர். கரிசல் மண்ணின் கதைமுறை மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சிப் பருவத்தில் ஓர் ஆசானாக வந்து நின்றது என்பது இன்றைய மாணவர் பலரும் அறியாத செய்தி.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ வறுமையைப் பாடும் கதைபோல் தோன்றும். தீபாவளிக்கு முன்னாள் இரவு, சொறி பிடித்த மேனியோடு ஆடையின்றி வந்து நிற்கும் அநாதைச் சிறுவனை ஓர் ஏழைத் தாய் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். வீட்டுத் தலைவனுக்கென வாங்கிய ஒரே துண்டு அச்சிறுவனுக்கு உடையாகிறது. பக்கத்துச் செல்வர் வீட்டுக்கு ராஜாவாகிய மாப்பிள்ளை வந்திருப்பதாகப் பெருமை பேசும் பிள்ளையிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சிறுமி மங்கம்மாள் சொல்வதில் கதை சிகரம் எய்துகிறது. வறட்சி கையைச் சுருக்கலாம். மனத்தைச் சுருக்குவதில்லை என்பதை ஆசிரியர் சொல்லாமற் சொல்கிறார்.

ஆயினும் வறுமை மனிதரை எப்போதும் உயர்த்தும் என்ற பொய்யை அழகிரிசாமி எழுதவில்லை. ‘திரிபுரம்’ என்னும் கதை அதற்குச் சான்று. பஞ்சத்தால் ஊரை விட்டு வெளியேறிய தாயும் மகளும் பசியின் முன் மானத்தை இழக்கின்றனர். இறுதியில் மகள் சிரிக்கும் சிரிப்பு, முப்புரம் எரித்த சிவபெருமானின் சிரிப்பை நினைவூட்டுகிறது. எரிக்கப்பட வேண்டியது எது என்ற வினாவைப் படிப்பவர் நெஞ்சில் எழுப்பிவிட்டுக் கதை நின்றுவிடுகிறது. இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தால், ஒரே மண்ணிலிருந்து அருளும் அழலும் பிறப்பதை மாணவர் காண்பர்.

கி. ராவின் கதையுலகம்

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதை, தீர்வை கட்ட இயலாத ஓர் ஏழை வீட்டின் கதவு பெயர்த்தெடுக்கப்படும் நிகழ்ச்சியைக் கூறுகிறது. தந்தை பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்கிறார். கதவில் ஏறி ஆடி மகிழ்ந்த குழந்தைகளுக்கு அதுவே வண்டி, அதுவே விளையாட்டுத் தோழன். கதவை இழந்த வீட்டினுள் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. பின்னொரு நாள் சாவடியின் பின்புறம் கரையான் ஏறிக் கிடக்கும் தம் கதவைக் கண்டு குழந்தைகள் தழுவிக்கொள்கின்றனர். மழை பொய்த்தது வானத்தின் குற்றம் எனலாம். மழை பொய்த்த ஆண்டிலும் தீர்வை கேட்டது யார் குற்றம்? கதை இவ்வினாவை உரக்கக் கேட்பதில்லை. கேட்காததனாலேயே அது நெடுநாள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ இதனினும் விரிந்த நோக்குடையது. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி வெளியேறிய மக்கள் தெற்கே வந்து, காட்டை எரித்துத் திருத்தி ஊராக்கிய கதையை, நூற்றாண்டைக் கடந்து வாழும் மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாக அது விரிக்கிறது. மன்னர் வரலாறு எழுதப்பட்ட நாட்டில் ஓர் ஊரின் வரலாற்றைப் பாட்டியின் நினைவிலிருந்து எழுதியது கி. ராவின் பெருஞ்சாதனை. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

ஆனால் திறனாய்வு பாராட்டோடு நின்றுவிடலாகாது. கோபல்ல கிராமத்தில் நிலம், அதைத் திருத்தி உரிமை கொண்டவரின் கண்வழியே காட்டப்படுகிறது. வந்தேறிய மக்களின் உழைப்பும் ஒற்றுமையும் ஒளியோடு விளங்க, நிலமற்றவர், கூலிக்கு உழைப்பவர், ஊரின் புறத்தே வைக்கப்பட்டவர் ஆகியோர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். கதை சொல்பவர் எந்தத் திண்ணையில் அமர்ந்திருக்கிறாரோ அத்திண்ணையிலிருந்து தெரிவதே அவர் காணும் தெரு. இதனைக் கி. ராவின் குற்றமாகக் கொள்வதைவிட, ஒரு நோக்கின் எல்லையாகக் கொள்வதே நேர்மை. அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து மற்றொரு குரல் விரைவிலேயே எழுந்தது.

தெருவின் மறுபுறம்

பூமணியின் ‘பிறகு’ 1979இல் வெளிவந்தது. அதன் தலைமாந்தர் அழகிரி தோல் தைக்கும் தொழிலாளி, அருந்ததியர். அவரைப் போன்றோர் தைத்துத் தரும் செருப்பின்றி முள் நிறைந்த காட்டில் யாரும் நடக்கவியலாது; அவர்கள் செப்பனிடும் தோலின்றிக் கமலை நீர் இறைக்காது. கிணற்று நீர் பயிருக்குப் பாய்வதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர், ஊர்க் கிணற்றில் தம் குடத்தை இறக்க இயலாத சமூக ஒழுங்கு அக்காலக் கரிசலில் நிலவியது. வறட்சி எல்லாரையும் ஒன்றுபோல் வாட்டுகிறது என்ற பொதுக்கூற்று இங்குப் பொய்த்துப்போகிறது. மழை பெய்யாத ஆண்டில் ஒருவர் விளைச்சலை இழக்கிறார். மழை பெய்த ஆண்டிலும் மற்றொருவர் நீரைப் பெறுவதில்லை. விடுதலைக்குப் பிந்திய மாற்றங்கள் ஊருக்குள் வந்தும் அழகிரியின் வாழ்வை முழுமையாகத் தொடாத நிலையை, ‘பிறகு’ என்ற ஒற்றைச் சொல்லே குறிப்பாக உணர்த்துகிறது.

1982இல் வெளிவந்த ‘வெக்கை’, நிலத்தகராற்றில் அண்ணனைப் பலிகொடுத்த சிதம்பரம் என்னும் சிறுவன், அதற்குக் காரணமான நிலக்கிழாரைக் கொன்றுவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் சில நாள்களின் கதை. 2019இல் ‘அசுரன்’ என்னும் திரைப்படத்திற்கு அடிப்படையானதும் இந்நாவலே. திரையில் சண்டை மேலோங்கியது. நாவலிலோ நிலம் மேலோங்குகிறது. அயலார்க்கு வெறும் முட்புதராகத் தெரியும் காடு, தந்தைக்கும் மகனுக்கும் உறைவிடமாகவும் உணவிடமாகவும் ஆகிறது. எந்த ஓடையில் ஊற்று இருக்கும், எந்தப் புதர் ஆளை மறைக்கும் என்பதை அறிந்தவர்களே உயிர் தப்புகின்றனர். வெப்பத்தைக் குறிக்கும் ‘வெக்கை’ என்ற சொல், மண்ணின் சூட்டையும் மனத்தின் சூட்டையும் ஒருசேரச் சுட்டி நிற்கிறது. நிலத்தைப் பின்னணியாக வைத்து எழுதுவதற்கும், நிலத்தறிவையே கதையின் எலும்பாக வைத்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் இந்நாவலில் தெளியலாம்.

நீரைத் தொலைத்தவர் யார்?

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1980இல் மேடையேறி, 1981இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. குடிநீருக்குக் கல் தொலைவு நடக்கும் கரிசல் சிற்றூர் ஒன்று, தானே முயன்று வாய்க்கால் வெட்ட எழுகிறது. அரசு இயந்திரம் அதைத் தடுக்கிறது. ஆட்சியின் மெத்தனத்தை நெஞ்சில் தைக்குமாறு காட்டிய வகையில் இந்நாடகத்தின் பெருமை குறையாது. எனினும் அவ்வூருக்கு முன்பு நீர் எவ்வாறு கிடைத்தது, அது எப்போது தொலைந்தது என்ற வினாவுக்குள் நாடகம் செல்லவில்லை.

அவ்வினாவுக்குள் சென்ற நாவல், உருளைக்குடியில் பிறந்த சோ. தர்மனின் ‘சூல்’. 2016இல் வெளிவந்து 2019ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவலில், ஊர்க் கண்மாயே தலைமை மாந்தர். நீர் நிறைந்து தளும்பும் கண்மாயைச் சூல் கொண்ட பெண்ணாகக் காணும் மக்களின் பார்வையே நூலுக்குப் பெயராயிற்று. கோடையில் வண்டல் எடுத்து வயலுக்கு இடுதல், கரையைக் காத்தல், மடையைத் திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சுதல் ஆகிய பணிகள் வழிவழியாக நடைபெற்றன. இவ்வொழுங்கைக் குடிமராமத்து என்றும், நீரைப் பங்கிடுபவரை நீர்ப்பாய்ச்சி என்றும் வழங்கினர். கண்மாய் ஊரின் பொறுப்பிலிருந்து அலுவலகத்தின் பொறுப்பிற்கு மாறியபின் தூர் சேர்ந்தது, கரை தளர்ந்தது, அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேலம் நீர்ப்பிடிப்பை அடைத்தது. முல்லை திரிந்து பாலையான கதையை இளங்கோவடிகள் இயற்கையின் மேல் வைத்துச் சொன்னார். தர்மன் அதனை மனிதர் மேல் வைத்துச் சொல்கிறார்.

இந்நாவலிலும் எச்சரிக்கையோடு படிக்கத்தக்க இடங்கள் உண்டு. பழைய ஒழுங்கின் சிறப்பைப் போற்றும் வேகத்தில், அவ்வொழுங்கினுள் இருந்த ஏற்றத்தாழ்வு மங்கித் தோன்றலாம். கண்மாயைக் காத்தவர் அனைவர்க்கும் அதன் நீரில் ஒத்த உரிமை இருந்ததா என்று கேட்பது அவசியம். ‘சூல்’ நாவலைப் படித்தவர் ‘பிறகு’ நாவலையும் படித்தாலே விடை நிறைவுறும். ஒன்று நீர் இருந்த காலத்தின் அழகைச் சொல்கிறது; மற்றொன்று நீர் இருந்தபோதும் வறண்டிருந்த வாழ்வைச் சொல்கிறது. இரண்டும் மெய், ஒன்றை மட்டும் கற்பித்தால் அது பாதி மெய்.

வட்டார மொழியும் வகுப்பறையும்

கரிசல் கதைகளை மாணவர் கையில் கொடுக்கத் தயங்கும் ஆசிரியர் கூறும் முதற்காரணம் மொழியே. கொச்சை நடை மாணவரின் எழுத்தைக் கெடுக்கும் என்பது அவர்தம் அச்சம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வகுப்பறைக்குள்ளேயே பெரிதும் வாழும் சூழலில், அவ்வச்சத்தை எள்ளி நகையாடல் தகாது. செந்தமிழ் நடையைக் கைவரச் செய்தல் ஆசிரியரின் முதற்கடமை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் சிதைந்த சொல்லும் வட்டாரச் சொல்லும் ஒன்றல்ல. கண்மாய், மடை, மறுகால், ஊருணி, கமலை, மானாவாரி, பருத்திமார் ஆகிய சொற்களுக்கு ஈடாகப் பொதுத்தமிழில் வேறு சொல் தேடினால் கிடைப்பது மங்கலான விளக்கமே. மறுகால் என்ற சொல், கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் அடுத்த கண்மாய்க்கு வழிந்தோடும் போக்கைக் குறிப்பது. ஒரு சொல்லுக்குள் ஒரு பொறியியல் அறிவே உறைகிறது. அச்சொல் மறைந்தால் அறிவும் மறையும். 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கிய கி. ரா., கதையாசிரியராக மட்டுமன்றி ஒரு மக்கள் அறிவின் காவலராகவும் செயற்பட்டார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் பொறுப்புத் தந்தது, அவ்வறிவுக்குக் கிடைத்த ஏற்பேயாகும்.

மாணவர் எழுதுவதற்குச் செந்நடையும், வாசிப்பதற்கு எல்லா நடையும் என்ற பாகுபாடே பயனுடையது. கதையின் உரையாடலை அவர்கள் பின்பற்றி எழுத வேண்டுவதில்லை. அதில் பொதிந்துள்ள வாழ்வைச் செந்தமிழில் விளக்கி எழுதப் பழகலாம். இரண்டு மொழிநிலைகளையும் ஒப்பிட்டுணரும் அப்பயிற்சி, இலக்கணத்தை மனப்பாடமாகக் கற்பதினும் ஆழ்ந்த மொழியறிவைத் தரும்.

கடல் கடந்து இந்நாடுகளுக்கு வந்த தமிழருள் மழை பொய்த்த ஊர்களை விட்டு வந்தோர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வூர்களின் பெயர் தெரியலாம். மண்ணின் நிறம் தெரியாது. பஞ்சம் என்ற ஒரு சொல்லால் முன்னோர் வாழ்வைச் சுருக்கிச் சொல்லிவிட்டால், அவர்கள் ஓடி வந்தவர்களாக மட்டுமே எஞ்சுவர். ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண்ணை அறிந்தவர்கள், கண்மாயைக் காக்கத் தெரிந்தவர்கள், அநாதையை ராஜாவாக்கிய தாய்மார், நீதி கிட்டாதபோது கொதித்தெழுந்தவர்கள், அண்டை வீட்டாருக்குக் குடத்தளவு நீரை மறுத்தவர்கள் என அனைவரையும் கரிசல் இலக்கியம் ஒளிக்காமல் காட்டுகிறது. முன்னோரை மனிதராகக் காணும் அவ்வாய்ப்பை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது, தமிழாசிரியர் கையிலேயே இருக்கிறது.